விமானத்தில் செல்போன்: பயப்பட வேண்டியது எதற்கு?

மதுரை விமான நிலையத்தில் என் அப்பாவின் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அச்சங்குளத்தில் இருந்து விடியற்காலையிலேயே காரில் கிளம்பி, முதல் முறையாக விமானம் ஏறப் போகிறோம் என்று இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில் வந்திருந்தவர். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் முகம் வெளுத்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர் அல்லவா? துணியில் எங்காவது மருந்து ஒட்டியிருந்து, அதை மெஷின் மோப்பம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு. இரண்டு வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு பவர் பேங்க்! கரண்ட் போனால் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ள நான் வாங்கிக் கொடுத்ததுதான். "இது பெட்டிக்குள் போகக்கூடாது சார், கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் மாட்டியதும் வழக்கமான அறிவிப்பு வந்தது. செல்போன், லேப்டாப் எல்லாவற்றையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள் என்றார்கள். அப்பா ஃப்ளைட் மோடு எல்லாம் தேடவில்லை. செல்போனையே அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் தாயி, எங்க ஆலையில செல்போனைக் கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. உள்ள கொண்டு போகவே கூடாது. இங்க என்னடான்னா உள்ள விட்டுட்டு, அப்புறம் அதை மாத்தி வையின்னு சொல்றாக. நூத்தம்பது பேருல ஒருத்தன் மறந்து போனா பிளேன் விழுந்துருமா? விழும்னா உள்ளயே விடக்கூடாதுல்ல? விழாதுன்னா எதுக்கு இந்தச் சொல்லு?"

சாப்ட்வேர் எஞ்சினியர் என்றால் பிரிண்டர் ரிப்பேரில் இருந்து ராக்கெட் வரை எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. அன்று எனக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல வந்தது. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரும் செல்போனும் புதிதாக வாங்கியவர்கள் பலருக்கு அடுத்த சில வருடங்களில் முதல் விமானப் பயணமும் வாய்க்கும். அவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும்.

ஸ்பீக்கரில் கேட்கும் 'டக் டக்'

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக் சாதனங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் என்பது கட்டுக்கதை இல்லை. உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். பழைய பட்டன் செல்போன் ஒன்றைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வையுங்கள். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே ஸ்பீக்கரில் "டக் டக் டக்... ட்ர்ர்ர்" என்று சத்தம் கேட்கும். போன் மணி அடிப்பதற்குள் ஸ்பீக்கருக்கு விஷயம் தெரிந்துவிடும்!

இரண்டாம் தலைமுறை செல்போன் தொடர்ச்சியாக அலை அனுப்புவதில்லை. நொடிக்கு சுமார் 217 முறை விட்டு விட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் சக்தி 2 வாட் வரை போகலாம். இந்தத் துடிப்பை ஸ்பீக்கரின் ஒயரும் அதற்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரும் தெரியாத்தனமாக வாங்கிக்கொள்கின்றன. 217 என்பது நம் காது கேட்கக்கூடிய எண்ணிக்கை என்பதால் 'ட்ர்ர்' என்று கேட்கிறது. இன்றைய 4ஜி போன்கள் அதிகபட்சமாகவே 0.2 வாட் அளவில்தான் அனுப்புகின்றன. அதனால் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது.

பைலட்டின் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனிலும் இதே 'ட்ர்ர்' கேட்கலாம். பைலட்டுகள் இதைப் பற்றிப் புகார் சொல்வது உண்டு. தரையில் இருந்து கட்டுப்பாட்டு அறை ஓர் உயர எண்ணைச் சொல்லும்போது நடுவில் இந்தச் சத்தம் புகுந்தால் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். விமானம் விழுந்துவிடாது. ஆனால் இறங்கும் நேரத்தில் அது ஒரு எரிச்சல், கவனச்சிதறல்.

கொடைக்கானல் எஃப்.எம். கணக்கு

இந்தத் தடை செல்போனால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். செல்போன் பிறப்பதற்கு முன்பே இது வந்துவிட்டது. 1961 இல் அமெரிக்காவில் விமானத்துக்குள் எஃப்.எம். ரேடியோ கேட்பதைத் தடை செய்தார்கள். ரேடியோ அலையை வாங்கத்தானே செய்யும், அனுப்பாதே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

பழைய பாணி டிரான்சிஸ்டர் ரேடியோ ஒரு நிலையத்தைப் பிடிக்க வேண்டுமானால், அதற்குள்ளேயே ஒரு சின்ன அலையை உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். அந்த உள் அலை, நீங்கள் கேட்கும் நிலையத்தைவிடப் பொதுவாக 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 இல் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 111.2. விமானம் இறங்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவி எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது தெரியுமா? 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரை! மதுரை வானொலியின் 103.3 ஐக் கேட்டால் உள் அலை 114.0 இல் விழும். விமானத்துக்குத் திசை காட்டும் நிலையங்கள் இருக்கும் பகுதி அது.

ரேடியோவில் இருந்து கசியும் அந்த அலை மிக மிகச் சிறியது. ஆனால் விமானத்தின் கருவி எத்தனையோ கிலோமீட்டர் தொலைவில் இருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்பதற்கென்றே காதைத் தீட்டி வைத்திருப்பது. அதே சுருதியில் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் குழம்பலாம். செல்போன் எழுப்புவது கூச்சலாக இருந்தாலும் வேறு சுருதி. அதனால் சக்தி குறைந்த அந்த டிரான்சிஸ்டர்தான் கூடுதல் சந்தேகத்துக்கு உரியது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்றைய செல்போன்களில் இருக்கும் எஃப்.எம். சிப்கள் வேறு முறையில் வேலை செய்வதால் இந்த 10.7 கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமானத்தின் ஆன்டெனாக்கள் உடம்புக்கு வெளியே இருக்கின்றன. நாம் அலுமினியக் கூட்டுக்குள் இருக்கிறோம். நம் சாதனத்தின் அலை ஜன்னல் வழியாகக் கசிந்து வெளியே போய், உடம்பைச் சுற்றிக்கொண்டு ஆன்டெனாவை அடைய வேண்டும். அதற்குள் பெரும்பகுதி செத்துவிடும்.

சரி, உண்மையில் நடந்ததா?

அப்பாவின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: பயணி ஒருவரின் செல்போனால் ஒரு பெரிய பயணிகள் விமானம் விழுந்தது என்று இதுவரை எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகம் சொல்லப்பட்ட இடங்கள் உண்டு.

2003 ஜூன் மாதம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே ஒரு சின்ன விமானம் தரைக்கு மிகத் தாழ்ந்து மரங்களில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் செல்போனைப் பயன்படுத்தியவர் பைலட்டேதான். வீட்டுக்குப் போட்ட அழைப்பு கடைசி நிமிடங்களில் இணைப்பிலேயே இருந்திருக்கிறது. அவருடைய செல்போன் வழிகாட்டும் கருவியில் தவறான அளவைக் காட்ட வைத்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. 'இருக்கலாம்' என்றுதான் சொன்னது. அது பழைய சின்ன விமானம், போன் இருந்ததும் கருவிகளுக்குப் பக்கத்திலேயே.

பெரிய விமானத்தில் நிரூபணமான குறை ஒன்றும் உண்டு. போயிங் 737, 777 ரகங்கள் சிலவற்றில் பைலட்டின் முன்னால் இருக்கும், ஹனிவெல் தயாரித்த திரைகள், வைஃபை அலை பட்டால் இருண்டுவிடக்கூடும் என்று சோதனையில் தெரிந்தது. பயணத்தின்போது அப்படி நடந்ததாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்று தயாரித்த நிறுவனம் சொன்னது. ஆனாலும் 2014 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அந்த நாட்டில் பதிவான 1,300 க்கும் மேற்பட்ட விமானங்களில் அந்தத் திரைகளை ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. எனக்குப் பிடித்த முடிவு இது. பயணியைத் திட்டாமல், மெஷினைச் சரி செய்தார்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். யாரோ ஒருவர் தவறான பட்டனை அழுத்தியதால் புரோகிராம் கவிழ்ந்தால், குற்றம் புரோகிராமுடையது.

ஏனென்றால் பயணிகள் போனை அணைப்பார்கள் என்று நம்பி விமானம் கட்ட முடியாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பயணிகள் விமானங்களில் அலை அளக்கும் கருவியை எடுத்துச் சென்று பார்த்து, தடை கடுமையாக இருந்த காலத்திலேயே ஒரு பயணத்துக்கு ஒன்று முதல் நான்கு அழைப்புகள் வரை போகின்றன என்று 2006 இல் எழுதினார்கள். நூற்றைம்பது பேரில் ஒருவர் மறந்துபோவது என்ன, பலர் தினமும் மறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதை எதிர்பார்த்தே இன்றைய விமானங்களின் கருவிகளைச் சோதித்து அனுமதிக்கிறார்கள்.

அதனால்தான் விதிகள் தளர்ந்தன. 2013 அக்டோபரில் அமெரிக்காவும், அடுத்து ஐரோப்பாவும், 2014 ஏப்ரலில் நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும், ஃப்ளைட் மோடில் இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும்கூடச் சாதனங்களைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தன. 2018 இல் விமானத்துக்குள் இண்டர்நெட்டுக்கான விதிகள் வந்தன. 3,000 மீட்டர் உயரத்துக்கு மேலே வைஃபை தரலாம். 2025 ஜனவரி முதல் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்கள் சிலவற்றிலேயே வைஃபை தருகிறது. மேலே இருந்தபடி வாட்ஸ்அப் பார்க்கலாம் என்று ஆனபிறகு, "செல்போன் அலை விமானத்தைச் சாய்த்துவிடும்" என்று பயமுறுத்தினால் யார் நம்புவார்கள்?

அப்படியானால் ஃப்ளைட் மோடு எதற்கு? மிச்சமிருக்கும் சின்ன சந்தேகத்தையும் ஏறும் நேரம், இறங்கும் நேரங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு. பைலட் காதில் 'ட்ர்ர்' கேட்க வேண்டாம் என்பதற்கு. இன்னொரு காரணம் தரையில் இருக்கிறது. மேலே பறக்கும் ஒரு போன் ஒரே நேரத்தில் பல டவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1991 இல் விமானத்தில் செல்போனைத் தடை செய்தது விமானத்தைக் காப்பாற்ற அல்ல, தரையில் இருக்கும் செல்போன் நெட்வொர்க்கைக் காப்பாற்ற! உங்களுக்கும் லாபம் உண்டு. டவர் கிடைக்காத போன் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். ஃப்ளைட் மோடு போட ஒரு நொடி. போட்டுவிடுங்கள்.

அலை விஷயத்தில் சமீப காலத்தில் உண்மையாகவே கவலைப்பட்டது டவர்களைப் பற்றி, பயணிகளைப் பற்றி அல்ல. விமானம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ கருவி 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. அதற்கு அருகிலேயே 5ஜி வந்தபோது, 2022 ஜனவரியில் ஏர் இந்தியா அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்களையே ரத்து செய்தது. அந்த வருடம் நவம்பரில் நம் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளில் இருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும், பாதையின் நடுக்கோட்டில் இருந்து 910 மீட்டருக்குள்ளும் 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி டவர்களை வைக்க வேண்டாம் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. இதில் நீங்களும் நானும் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

அப்ப மருந்து மாதிரிதான்!

இனி அந்தப் பவர் பேங்குக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே சாமான் வைக்கும் பெட்டியில் இருந்து புகை வந்தது. உள்ளே இருந்தது ஒரு சாம்சங் கேலக்ஸி நோட் 2 செல்போன். பணியாளர்கள் தீயணைப்பான் அடித்து, பிறகு அதை எடுத்துக் கழிவறையில் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. அந்த மாதம்தான் கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடிக்கிறது என்று உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். இது அதைவிடப் பழைய மாடல்.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் அருகே புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் உள்ளிருந்து எரிந்தது. 176 பேரும் சறுக்குப் பலகை வழியாக இறங்கித் தப்பினார்கள். விமானத்தின் கூரையே எரிந்துபோனது. பவர் பேங்க் ஒன்றுக்குள் காப்பு பழுதாகித் தீ பற்றியிருக்கலாம் என்று மார்ச் மாதம் விசாரணையாளர்கள் சொன்னார்கள். அது நடுவானில் நடந்திருந்தால்? அந்த ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்றது. அக்டோபரில் எமிரேட்ஸும் அதையே சொன்னது.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னேன். லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய தாள் போன்ற ஒரு தடுப்பு இருக்கிறது. கீழே விழுந்தோ, நசுங்கியோ, தயாரிப்பிலேயே குறை இருந்தோ அந்தத் தடுப்பு கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடாகும். உள்ளே இருக்கும் திரவமும் எரியக்கூடியது. சூடு ஓர் அளவைத் தாண்டினால் பேட்டரியில் இருக்கும் ரசாயனமே ஆக்சிஜனை விடும். வெளிக்காற்றை மறைத்துத் தீயை மூச்சு முட்ட வைக்கிற வழி அதனிடம் முழுதாகப் பலிக்காது.

"அப்ப மருந்து மாதிரிதான்" என்றார் அப்பா உடனே. "வெடியுப்பு தானே காத்தைக் குடுத்துரும். மண்ணைப் போட்டு மூடுனாலும் உள்ளுக்குள்ள எரியும்."

ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்! எனக்கு அதைச் சொல்ல அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். விமானத்தின் அடிவயிற்றில் சாமான் அறையில் ஆள் இல்லை. அங்கே இருப்பது வாயு அடிக்கும் தீயணைப்பு முறை. அது வெளியே தெரியும் சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்குப் பரவும் சூட்டை நிறுத்தாது. மேலே கேபினில் என்றால் புகையைப் பார்க்க ஆள் உண்டு, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆள் உண்டு. பெட்டியில் வைக்காதே, கையில் வை என்பது இதற்காகத்தான். பயணிகள் விமானங்களில் தனி லித்தியம் அயான் பேட்டரிகளைச் சரக்காக ஏற்றுவதையும் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது.

அளவுக்கும் கணக்கு உண்டு. பவர் பேங்க் 100 வாட்-அவர் வரை அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும். அதற்கு மேல் கிடையாது. உங்கள் பவர் பேங்கில் எம்.ஏ.எச். மட்டும்தான் போட்டிருக்கிறதா? அதை ஆயிரத்தால் வகுத்து 3.7 ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட்-அவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, அதாவது விளிம்பு! எழுத்து அழிந்துபோன, எவ்வளவு என்றே தெரியாத பவர் பேங்கை விமான நிலையத்தில் நிறுத்தினால் குற்றம் சொல்ல முடியாது. உப்பிப் போன பேட்டரி இருந்தால் வீட்டிலேயே அதைப் பயன்படுத்தாதீர்கள், விமானத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். போன் சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டைப் பின்னால் சாய்த்துத் தேடாதீர்கள். சீட்டின் இரும்புக்குள் சிக்கி நசுங்கும். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

சொல்லாத காரணம்

அன்றைய அறிவிப்பில் ஃப்ளைட் மோடைப் பற்றி இரண்டு முறை சொன்னார்கள். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது சில விமானங்களில் பவர் பேங்கை மேலே வைக்காதீர்கள் என்று சொல்கிறார்கள், நல்லது. ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. பயணி என்ன நினைத்துக்கொள்கிறார்? "அதிலும் ஏதோ அலை வரும்போல" என்று! அப்பாவே அப்படித்தான் நினைத்திருந்தார். போனை அணைத்துவிட்டதால் ஆபத்து முடிந்தது என்று நம்பி, எரியக்கூடிய பொருளைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் அடைத்திருந்தார். இதைவிட மோசமாக அதை வைக்க வழியே இல்லை.

காரணம் சொன்னால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள், பயம் இருந்தால்தான் கேட்பார்கள் என்று என் அலுவலக நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெட்ரோல் பங்க்கைப் பாருங்கள். செல்போன் உபயோகிக்காதீர்கள் என்ற போர்டும், செல்போனால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் க்யூ.ஆர். அட்டையும் பம்புக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் தீ விபத்துகளை ஆராய்ந்த பெட்ரோலிய உபகரண நிறுவனங்களின் சங்கம், செல்போனால் வந்த தீ என்று உறுதியான ஒன்றையும் காணவில்லை. நிலைமின்சாரப் பொறியால் வந்த தீ விபத்துகளைத்தான் கண்டது. போர்டை யாரும் மதிப்பதில்லை, நிலைமின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பொய்யாகிப்போன ஒரு பயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் 'எஞ்சினை அணைக்கவும்' என்பதையும் சேர்த்துத்தான் மக்கள் மதிக்காமல் போவார்கள்.

எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். நைலான் சேலை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். பள்ளிக்கூடம் போகாத அத்தைகள்கூட இது எதற்கென்று கேட்டால் சொல்வார்கள். "உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கணும்ல." காரணம் தெரிந்ததால் கை தானாகத் தகட்டுக்குப் போகிறது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைப்பது சரியான விதிதான். கையில் இருந்து நழுவினாலும், பேட்டரி கெட்டாலும், பேச்சில் கவனம் போனாலும் அங்கே ஆபத்து. ஆனால் அதைச் 'சிக்னல்' என்று சொல்லித் தந்தால் கேட்டைத் தாண்டியதும் ஆபத்து முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வந்த தகவல்கள் மருந்தைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வைத்தான் காரணமாகச் சொல்லின. அந்த நாளை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தவறாகத் தெரிந்து வைத்திருப்பதும், தெரியாமலே இருப்பதும் எங்கள் ஊரில் வெறும் பேச்சு இல்லை.

அதனால் விமான நிறுவனங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அறிவிப்பில் இரண்டே வரி, தமிழிலும் சொல்லுங்கள்: "உங்கள் போனின் பேட்டரி பழுதானால் தீப்பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், சூடானால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்." ஃப்ளைட் மோடை மூன்றாவது வரியாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கும் கவுன்டரில் "பவர் பேங்க் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் படிவம் நீட்டுவதற்குப் பதில், "எரியும், அதனால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னால் ஐந்து நொடி ஆகும். பெட்டியைத் தேடி எடுத்து, ஆளைக் கூப்பிட்டு, திறந்து மூட ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

பத்து நாள் கழித்துச் சென்னையில் இருந்து மதுரைக்குத் திரும்பும்போது அப்பா பவர் பேங்கைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். உட்கார்ந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பக்கத்து சீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன் செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்கைத் தலைக்கு மேலே பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அதைக் கீழ எடு. கண்ணுல படுற மாதிரி வையி" என்றார். "ஏன் தாத்தா, சிக்னல் வருமா?" என்று சிரித்தான் அவன்.

"சிக்னலை விடு. இதுல முப்பத்தேழு போட்டிருக்கு. உன்னதுல எத்தனை?"